சமத்துவப் பயிற்சியும் அஞ்சலைக்காவின் டம்ளரும்

நர்ஸ் வேலையில் ரத்தம் பழகிவிடும், வாந்தி பழகிவிடும், ஒரே நேரத்தில் ரெண்டு பிரசவம் வந்தாலும் பழகிவிடும். கூட வேலை பார்க்கிறவர்களின் புத்தி மட்டும் ரிட்டயர் ஆகிற வரைக்கும் பழகாது.

நீங்களும் பாங்கிலோ பள்ளிக்கூடத்திலோ வேறு ஏதாவது ஆபீஸிலோ குப்பை கொட்டியவராக இருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். யார் எந்த நாற்காலியில் உட்காரலாம், யார் எந்த டம்ளரைத் தொடலாம் என்று எந்தச் சுவரிலும் எழுதியிருக்காது. ஆனால் வேலையில் சேர்ந்த அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்தது. தெரிந்தும் தெரியாத மாதிரி நடந்துகொண்டதுதான் என் முழு சர்வீஸும். அதில் சிலவற்றைச் சொல்கிறேன். உங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்து வயிறு எரிந்தால் நான் பொறுப்பல்ல.

எந்தத் தெரு?

1989-ல் நான் சேர்ந்தது திருவண்ணாமலையில் ஒரு டிரஸ்ட் நடத்திய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். கிரிவலப் பாதையிலிருந்து ஒரு சந்து திரும்பினால் வரும். பௌர்ணமிக்கு மறுநாள் காலில் கொப்புளத்தோடு வருகிறவர்களுக்கு மருந்து போட்டே எங்களுக்கு இடுப்பு ஒடியும். இன்டர்வியூவுக்கு மேட்ரனும் மேனேஜரும் உட்கார்ந்திருந்தார்கள். என் சர்டிபிகேட்டுகளை மேட்ரன் பார்த்தார். மேனேஜர் பார்க்கவே இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்து, "எந்த ஊரும்மா?" என்றார். கீழ்பென்னாத்தூர் என்றேன். "கீழ்பென்னாத்தூர்ல எந்தத் தெரு?" என்றார்.

இந்தக் கேள்வியை உங்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். போஸ்ட்மேன் கேட்டால் விலாசத்துக்கு. மற்றவர்கள் கேட்டால் எதற்கு என்று நமக்குத் தெரியாதா? "பஸ் ஸ்டாண்டுல எறங்கி நடந்தா வரும் சார்" என்றேன். "எந்தப் பக்கம் நடந்தா?" "நேரா சார்." "கோயில் பக்கமா, ஏரிப் பக்கமா?" "ரெண்டுக்கும் நடுவுல சார்." "அப்பா இன்னா பண்றாரு?" "மல்லாட்டை போடறாரு சார்." (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்.) "சொந்த நெலத்துலயா?" "மல்லாட்டை சொந்தம் சார்." மேனேஜர் பேனாவை மூடிவிட்டார். இதைப் படிக்கிற நீங்களும் இந்நேரம், 'அப்போ இந்தம்மா எந்தத் தெருவாத்தான் இருக்கும்?' என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். யோசியுங்கள். அவருக்கே சொல்லவில்லை, உங்களுக்கா சொல்லப்போகிறேன்?

வேலை போச்சு என்று நினைத்து எழுந்தேன். மேட்ரன்தான் என் சர்டிபிகேட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "கை சுத்தமா இருந்தா போதும் சார். வாய்க்கு பிளாஸ்டர் நம்மகிட்டயே ஸ்டாக் இருக்குது."

அக்கா

எங்கள் ஆஸ்பத்திரியில் மாடியில் ஒரு சாப்பாட்டு அறை. நீளமாக ஒரு மேசை, சுற்றிலும் நாற்காலிகள். டாக்டர்கள், நர்ஸுகள், மருந்து கொடுக்கிறவர், மேனேஜர் எல்லாரும் அங்கே சாப்பிடுவோம். பெருக்கித் துடைக்கிறவர்கள் மட்டும் கீழே, மாடிப்படிக்கு அடியில், தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்கள் தலைக்கு மேலே பாத்ரூம் குழாய் ஒன்று போகும். அது கசியும். தட்டை எந்தப் பக்கம் நகர்த்தினால் சொட்டு விழாது என்பது அவர்களுக்கு அத்துப்படி. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு மேலே போய் உட்கார்ந்தேன். என்ன ஆனாலும் இவர்களை இந்த மேசைக்குக் கொண்டுவருவது என்று அன்றைக்கே ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது.

அவர்களில் மூத்தவர் அஞ்சலைக்கா. தியாகச் சுடர் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். மூலையைத் துடைக்க மாட்டார். மத்தியானம் துணி வைக்கிற அறைக்குப் பின்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு ஒரு தூக்கம் போடுவார். ரெண்டு தடவை கூப்பிட்டால், "இன்னாத்துக்கு இப்டி கத்தற? நான் இன்னா செவுடா?" என்பார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'பாவம், நல்ல உழைப்பாளி, அதனால் சமமாக நடத்தணும்' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேனேஜரும்தான் மத்தியானம் குறட்டை விடுவார். அவரை யாராவது மாடிப்படிக்குக் கீழே உட்காரவைத்தார்களா?

நேற்று படிப்பு முடித்து வந்த பெண்கள்கூட அஞ்சலைக்காவை வா, போ என்றுதான் பேசினார்கள். நான் 'அஞ்சலைக்கா' என்று கூப்பிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. சாயங்காலம் மேட்ரன் என்னைத் தனியே கூப்பிட்டார். "பெருக்கறவங்கள அக்கான்னு கூப்புட்டா, அப்பால எங்கள இன்னான்னு கூப்புடுவ?" "மேட்ரன்னுதான் மேடம்." "கிண்டல் பண்றியா?" "இல்ல மேடம். என்னைவிட வயசுல பெரியவங்க, அக்கான்னேன். தப்புன்னா ஆயான்னு கூப்புடட்டுமா, அத்தைன்னு கூப்புடட்டுமா?" மேட்ரனுக்குக் கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "இவ்ளோ படிச்சும் யாரை எங்க வெக்கணும்னு தெரியலியேம்மா உனக்கு!"

பேர் வெட்டின டம்ளர்

சாப்பாட்டு அறை அலமாரியில் எங்கள் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர் உண்டு. பாத்திரக்கடையில் வாங்கும்போதே பேர் வெட்டி வாங்குவது வழக்கம் இல்லையா, அப்படி ஒவ்வொன்றிலும் பேர் இருக்கும். அஞ்சலைக்காவுக்கும் மற்றவர்களுக்கும் டீ வருவது பழைய குளுகோஸ் டப்பாவின் மூடியில். ஒரு நாள் தேரடி வீதிக்குப் போனேன். நல்ல கனமான டம்ளராகப் பார்த்து வாங்கி, 'அஞ்சலை' என்று வெட்டச் சொன்னேன். கடைக்காரர் மெஷினை வைத்து கொர்ர்ரென்று வெட்டிக் கொடுத்தார். கொண்டுவந்து அலமாரியில் என் டம்ளருக்கும் மேனேஜர் டம்ளருக்கும் நடுவில் வைத்தேன்.

மறுநாள் அது ஜன்னல் விளிம்பில் இருந்தது. எடுத்து உள்ளே வைத்தேன். அதற்கு மறுநாள் பினாயில் பாட்டில் பக்கத்தில் இருந்தது. கழுவி உள்ளே வைத்தேன். மெஸ்ஸில் சமைக்கிற ராஜம்மாதான் எடுத்து வைக்கிறாள் என்று தெரிந்தது. நேராகவே கேட்டேன். "மேனேஜர் சொன்னாரு, எடுத்தேன். நீ வெச்சிகினே இரு, நான் எடுத்துகினே இருக்கேன்" என்றாள். சரி, பார்ப்போம் என்று நானும் விடவில்லை. காலையில் நான் உள்ளே, மத்தியானம் அவள் வெளியே. ஆஸ்பத்திரியே பந்தயம் கட்டாத குறையாக வேடிக்கை பார்த்தது.

திடீரென்று ஒரு நாள் டம்ளரையே காணோம். ராஜம்மாவிடம் சண்டைக்குப் போனேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அப்புறம் பார்த்தால், அஞ்சலைக்காவே அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார். பேரனுக்குப் பால் கொடுக்கிறாராம். "இன்னாக்கா, நான் இங்க ராஜம்மாவோட மல்லு கட்டிகினு இருக்கேன், நீங்க பாட்டுக்கு எடுத்துகினு போயிட்டீங்களே?" என்று கத்தினேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "எம்பேருதானே போட்டுகீது? அப்போ என்னுதுதானே? என்னுத நான் எங்க வெச்சிகினா உனக்கு இன்னா?"

அந்த ரூமுக்கு யார் போவது?

கோயிலில் பூஜை செய்கிற குருக்கள் ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்து சேர்ந்தார். மேனேஜருக்குக் கை கால் ஓடவில்லை. அந்த வார்டு நூர்ஜஹானுடைய பொறுப்பு. என்னோடு சேர்ந்த நர்ஸ், ஊசி போட்டால் குழந்தைகூட அழாது. அவளைக் கீழே புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றினார். அஞ்சலைக்கா அந்த ரூம் வாசலையே மிதிக்கக் கூடாது என்றார். அடுத்து என்னைப் போடலாமா வேண்டாமா என்று குழப்பம். என் தெருதான் அவருக்குத் தெரியாதே! என்னைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார், மறுபடியும் என்னைப் பார்க்கிறார். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் சம்பள நாளில்கூட வந்ததில்லை. வேறு ஆள் இல்லாமல் கடைசியில் என்னையே அனுப்பினார்.

நூர்ஜஹான் கீழே போனாள். மத்தியானம் சாப்பிடும்போது அவள் கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தில் மேனேஜர் முகத்தில் ரசத்தை ஊற்றியிருப்பேன். ஊற்றவில்லை. ஊற்றத் தேவையும் வரவில்லை. ரெண்டு நாள் கழித்து டிரஸ்ஸிங் மாற்றப் போனபோது குருக்களே ஆரம்பித்தார். "ஏம்மா, பக்கத்து ரூமைத் தினம் பெருக்கறா, தொடைக்கறா. என் ரூமை மட்டும் ஏன் ஒருத்தரும் எட்டிப் பாக்கலை? நான் என்ன பாவம் பண்ணினேன்?" நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "கோயில்ல அந்தந்த இடத்துக்கு ஒரு விதி இருக்கு. அது வேற" என்றார். அங்கேயும் ஏன் வேற என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. தையல் பிரிக்காத வயிறு, போகட்டும் என்று விட்டேன்.

மேனேஜர் நலம் விசாரிக்க உள்ளே வந்தார். கைகட்டி, "ஏதாச்சும் கொறை இருக்குதுங்களா சாமி?" என்றார். குருக்கள் பாத்ரூம் பக்கம் கையைக் காட்டினார்: "முதல்ல அதை யாரையாவது அனுப்பி அலம்பச் சொல்லுங்கோ. ஒருத்தரும் ஆகாதுன்னா, நீங்களே அலம்பினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை."

துடைப்பத்துக்குப் பொட்டு

ஆயுத பூஜைக்கு எங்கள் முன்ஹாலில் எல்லாவற்றையும் அடுக்குவோம். ஸ்டெதஸ்கோப், கத்தரிக்கோல், ஆம்புலன்ஸ் சாவி, மேனேஜரின் கால்குலேட்டர். அவசரத்துக்கு வேண்டியதை மட்டும் தனியே வைத்துவிட்டு மற்றதுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது என்பதால் மேனேஜருக்கு அன்றைக்கு முழு ஓய்வு. துடைப்பத்தையும் மாப்பையும் மட்டும் பாத்ரூமுக்குப் பின்னால் மறைத்து வைப்பார்கள். பூஜையில் வைக்காததால் அவற்றுக்கு ஓய்வு கிடையாது. பூஜை முடிந்து சிதறிய பொரியையும் வாசலில் உடைத்த பூசணிக்காயையும் அள்ளுவது வருஷா வருஷம் அஞ்சலைக்காதான். அள்ளி முடிப்பதற்குள் சுண்டல் தீர்ந்திருக்கும்.

ஒரு வருஷம், வார்டெல்லாம் காலையிலேயே துடைத்து முடித்தபிறகு, ஆஸ்பத்திரியில் இருந்த துடைப்பம், மாப், முறம் எல்லாவற்றையும் நானும் நூர்ஜஹானும் அலசிக் கொண்டுவந்து கால்குலேட்டருக்குப் பக்கத்தில் வரிசையாகச் சாய்த்துவைத்தோம். நான் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, ஆளுக்கொரு செவ்வந்திப் பூவும் சொருகினேன். மேனேஜர் வரும்போது கற்பூரம் ஏற்றியாகிவிட்டது. எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் அவரால் என்ன சொல்ல முடியும்? கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பூஜை முடிந்தது. ஹால் முழுக்கப் பொரி, வாசல் முழுக்கப் பூசணி. சாயங்காலம் டிரஸ்ட்டின் பெரியவர் வருவதாக இருந்தது. "அஞ்சலை, சீக்கிரம் பெருக்கு" என்றார் மேனேஜர். அஞ்சலைக்காவுக்கு விஷயம் புரிய அரை நொடிகூட ஆகவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு ரெண்டடி பின்னால் போனார். "பூசைல வெச்ச சாமானை நாளைக்குத்தான் தொடணும் சார். சாமி குத்தம் ஆயிடும்." மேட்ரனும் தலையை ஆட்டினார். சாமி விஷயமாயிற்றே! மேனேஜர் பழைய பேப்பரை மடித்துக்கொண்டு தானே குனிந்தார். இதற்காக எனக்கு ஒரு மாசம் நைட் டூட்டி போட்டார். போடட்டும். அஞ்சலைக்கா நாற்காலியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டபடி சொன்ன சொல்லுக்கு இன்னும் ஒரு மாசம்கூடப் பார்த்திருப்பேன்: "சார், அந்த மூலைல இன்னும் கொஞ்சம் பொரி கீது பாருங்க."

பயிற்சி

எல்லாம் சரி, மாடிப்படி? அது அப்படியேதான் இருந்தது. ஒரு நாள் கூத்துக்கு ஊர் மாறிவிடுமா? மேட்ரன் ரிட்டயர் ஆனார். மேனேஜர் வேங்கிக்கால் பக்கம் வீடு கட்டிக் குடிபோனார். குழாயை ரெண்டு தடவை மாற்றினார்கள், அதுவும் விசுவாசமாகக் கசிந்தது. அஞ்சலைக்காவுக்கு முட்டி தேய்ந்துபோய், தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். நாற்காலி வேண்டும் என்று நான் கேட்டேன். 'பார்க்கலாம்' என்றார் மேனேஜர். பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, ஆஸ்பத்திரிக்கு ஏதோ தரச் சான்றிதழ் வேண்டும், அதற்கு ஊழியர்களுக்கு சமத்துவப் பயிற்சி நடத்த வேண்டும் என்று வந்தது. அதற்கென்று போட்ட சமத்துவக் குழுவுக்கு நான் தலைவியாம். வாயாடியை அடக்க நல்ல வழி, பதவி கொடுப்பது. சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். "உங்க ஆஸ்பத்திரியில பாகுபாடு இருக்குதா?" என்று கேட்டார். மேனேஜர் எழுந்து, "எங்க ஆஸ்பத்திரியில எல்லாரும் ஒரே குடும்பம் மேடம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அப்போது அஞ்சலைக்கா எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். "குடும்பத்துல பாதிப் பேரு செவுத்தோரம் நின்னுகினு இருக்காங்களே சார்?" "நாற்காலி பத்தலம்மா" என்றார். எப்போது எண்ணினாலும் அவர்களுக்கு மட்டும்தான் பத்தாது.

மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு. மேடம் பார்க்க, மேசையில் அதே ஆட்கள். கீழே அதே ஆட்கள். எனக்குத் தாங்கவில்லை. இலையோடு சேர்த்து என் தட்டைத் தூக்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்கட்டும் என்று டக்டக்கென்று படியிறங்கிப் போய், அஞ்சலைக்காவின் பக்கெட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சிஸ்டர், இங்க வந்து குந்திட்ட?" "உங்களோட சாப்புடறேன்க்கா." "நீ இங்க வந்து தண்ணி சொட்டற எடத்துல குந்திகினா எம்முட்டி நேராயிடுமா?" அவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். "அப்போ உன் நாற்காலி சும்மாதானே கீது?" தட்டை என் கையில் கொடுத்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். நான் ரெண்டு தட்டோடு பின்னால் போனேன்.

என் நாற்காலி மேனேஜருக்குப் பக்கத்தில். அஞ்சலைக்கா அதில் உட்கார்ந்து முட்டியை நீட்டி, "அப்பாடா" என்றார். மேனேஜருக்கு வாயில் போட்ட வடை போட்டபடி இருந்தது. சென்னை மேடம் ஒன்றும் புரியாமல், "அப்படியே இருங்க, அருமையா இருக்கு" என்று போட்டோ எடுத்தார். ராஜம்மா கரண்டியோடு நின்றாள். மேனேஜரைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சீக்கிரம் முடித்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ, "ரசமா, மோரா?" என்றாள். அஞ்சலைக்கா தட்டில் சோற்றைக் குழித்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு சாம்பாரே இன்னும் வரல. மொதல்லருந்து வா."

போட்டோ

அடுத்த நாளும் அஞ்சலைக்கா அதே நாற்காலிக்கு வந்தார். அதற்கடுத்த நாள் இன்னொரு பெருக்குகிற அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நூர்ஜஹான் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். நான் ஸ்டூல் இழுத்துப் போட்டுக்கொண்டேன். சிலர் அவசர அவசரமாகச் சாப்பிட்டு எழுந்தார்கள். எழுந்தவர்களின் நாற்காலியும் உபயோகப்பட்டது. சான்றிதழ் வரட்டும் என்று மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். சான்றிதழ் வந்தது. சென்னை மேடம் எடுத்த போட்டோவையும் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, 'இங்கு அனைவரும் சமம்' என்று எழுதி முன்ஹாலில் மாட்டினார்கள். மேனேஜரும் அஞ்சலைக்காவும் பக்கத்தில் பக்கத்தில். டிரஸ்ட்டின் பெரியவர் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார்.

அதற்கப்புறம்தான் மேனேஜர் பேசினார். குரலைத் தாழ்த்தி, "அஞ்சலை, பயிற்சி முடிஞ்சிடுச்சு. சான்றிதழும் வந்துடுச்சு. இனிமே பழையபடி கீழயே..." என்று இழுத்தார். அன்றைக்குத்தான் அஞ்சலைக்கா அந்தப் பேர் வெட்டின டம்ளரைத் திரும்பக் கொண்டுவந்திருந்தார். பேரன் கீழே போட்டுப் போட்டு நெளிந்திருந்தது. "அவன் பெரிய கிளாசு கேக்கறான்" என்று சொல்லி, அலமாரியில் மேனேஜர் டம்ளருக்குப் பக்கத்தில் அவரே வைத்தார். ராஜம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை. அஞ்சலைக்கா திரும்பி வந்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "சமத்துவமெல்லாம் உங்களோட வெச்சிக்கோங்க சார். எனக்கு முட்டிக்கு நாற்காலி வேணும்" என்றார். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அஞ்சலைக்கா முன்ஹால் இருக்கிற பக்கம் கையைக் காட்டினார்: "மொதல்ல அந்த போட்டோவ எறக்குங்க. அப்பால நான் எறங்கறேன்."

இத்தனை வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தியும் நகராத நாற்காலியை அஞ்சலைக்காவின் தேய்ந்த முட்டி நகர்த்திவிட்டது, மேனேஜர் டிபன் காரியரைத் தன் ரூமுக்கே மாற்றிக்கொண்டார், ஆனால் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் அவர் என்னிடம் கேட்பது, கீழ்பென்னாத்தூரில் எந்தத் தெரு என்றுதான்.